டிப்பரேரிக்கு வழி சொன்னவர் யார்?

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். எங்கே பிறந்தது என்று தேடிப் போனால் நதியின் பெருமை குறைந்துவிடுமோ என்ற அச்சம் அதில் உண்டு. ஆனால் சில நதிகளுக்கு மூலம் தேடித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அந்த ஊற்றைத் தோண்டியவர் ஒருவர், பெயர் பெற்றுப் போனவர் இன்னொருவர் என்ற ஐயம் எழுந்துவிட்டால், வாய் மூடி இருப்பதும் ஒரு வகை அநியாயமாகிவிடும்.

நூறாண்டுகளைக் கடந்தும் உலகம் மறக்காத ஓர் ஆங்கிலப் பாட்டின் கதை அப்படிப்பட்டது. "டிப்பரேரிக்கு நெடுந்தூரம்" என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்டது அந்தப் பாட்டு. முதல் உலகப் போர் பற்றிய திரைப்படமோ ஆவணப்படமோ பார்த்தவர்கள் அதன் மெட்டை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். பாட்டின் பெயர் தெரியாதவர்கள்கூட மெட்டைக் கேட்டதும் தாளம் போடுவார்கள்.

போர்ப் பாட்டு என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அது போருக்காகப் பிறந்த பாட்டே அல்ல. போர் மூளுவதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே, இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றில், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைச் சிரிக்க வைப்பதற்காகப் பாடப்பட்ட பாட்டு அது.

மதுக்கடையில் பிறந்த கலை

அந்தக் காலத்து இங்கிலாந்தில் 'மியூசிக் ஹால்' என்றால் சாமானிய மக்களின் பொழுதுபோக்குக் கூடம் என்று பொருள். மதுக்கடைகளின் பின்கட்டு அறைகளில் தொடங்கிய பாட்டுக் கச்சேரிகள் வளர்ந்து தனி அரங்கங்களாயின. 1852ஆம் ஆண்டில் லண்டனின் லாம்பெத் பகுதியில் சார்லஸ் மார்ட்டன் என்பவர் தொடங்கிய 'கேண்டர்பரி ஹால்' அவற்றுள் முன்னோடியாகக் கருதப்படுகிறது. பாட்டு, நகைச்சுவை, வித்தை, நடனம் எல்லாம் ஒரே இரவில் அங்கே கிடைக்கும். ஆலைத் தொழிலாளியும் சந்தை வியாபாரியும் அவர்களின் குடும்பத்தாரும்தான் பார்வையாளர்கள்.

அந்த மேடையில் ஒரு பாட்டு வெற்றி பெற வேண்டுமானால் ஒரே ஒரு தகுதிதான் வேண்டும். பாடகர் பல்லவியை இரண்டாம் முறை பாடும்போது கூட்டம் முழுவதும் சேர்ந்து பாட வேண்டும். அப்படிப் பாடினால் பிழைத்தது; இல்லையேல் அடுத்த வாரமே அந்தப் பாட்டு குப்பைக்குப் போகும்.

வானொலி இல்லாத காலம் அது. வீட்டில் பியானோ வைத்திருப்பவர்கள் பாட்டின் இசைத்தாளைக் கடையில் வாங்கி வாசிப்பார்கள். ஆகவே பாட்டில் பணம் பார்த்தவர்கள் பெரும்பாலும் இசைத்தாள் அச்சிட்ட பதிப்பாளர்களே. பாட்டு எழுதியவர்கள் ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு உரிமையைக் கைகழுவி விடுவதும் உண்டு. பாட்டைப் பாடியவர், மெட்டுக் கட்டியவர், சொல் தந்தவர், காசு கொடுத்தவர் என்று நான்கு பேர் பெயரும் ஒன்றோடொன்று கலந்து கிடந்த காலம். இந்தப் பின்னணி தெரிந்தால்தான் டிப்பரேரி வழக்கு விளங்கும்.

ஐந்து ஷில்லிங் பந்தயம்

ஜேக் ஜட்ஜ் 1872ஆம் ஆண்டில் பிறந்தவர். பர்மிங்ஹாமுக்கு அருகிலுள்ள ஓல்ட்பரி நகரத்துக்காரர். மீன் வியாபாரம் செய்தவர். மேடை ஏறிப் பாடியும் சம்பாதித்தவர். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தாத்தா பாட்டி டிப்பரேரி மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது.

1912 ஜனவரி மாதக் கடைசியில் ஸ்டேலிபிரிட்ஜ் என்ற நகரில் உள்ள கிராண்ட் அரங்கில் அவருக்கு ஒரு வாய்ப்பு. நிகழ்ச்சி முடிந்து நண்பர்களோடு இருந்தபோது யாரோ சீண்டினார்கள். ஒரே நாளில் புதிதாக ஒரு பாட்டை எழுதி மறுநாள் இரவே மேடையில் பாட முடியுமா என்று கேட்டார்கள். பந்தயப் பணம் ஐந்து ஷில்லிங். ஜட்ஜ் ஒப்புக்கொண்டார். ஜனவரி 31ஆம் நாள் இரவு அந்தப் பாட்டைப் பாடினார். கூட்டம் சேர்ந்து பாடியது. பந்தயத்தில் வென்றார்.

பாட்டின் கதை மிக எளிது. லண்டனுக்குப் பிழைக்கப் போன அயர்லாந்து இளைஞன் ஒருவன், நகரத்தின் பகட்டைப் பார்த்தபடியே ஊரில் விட்டு வந்த காதலியை நினைக்கிறான். கடிதம் எழுதுகிறான். எழுத்துப் பிழை இருந்தால் பேனாவின் குற்றம் என்கிறான். அவளோ, இங்கே இன்னொருவன் என்னைக் கேட்கிறான், சீக்கிரம் வந்து சேர் என்று பதில் போடுகிறாள். அவ்வளவுதான். நடுவே வரும் பல்லவி மட்டும் வேறு தினுசு. அதில் கேலி இல்லை. ஊர் வெகு தொலைவில் இருக்கிறது, என் மனம் அங்கேதான் இருக்கிறது என்ற ஏக்கம் மட்டுமே உண்டு.

லண்டனில் இசைத்தாள் வணிகம் செய்த பெர்ட் ஃபெல்ட்மன் இந்தப் பாட்டின் உரிமையை வாங்கினார். தலைப்பில் 'நெடுந்தூரம்' என்பது 'நெடு நெடுந்தூரம்' ஆயிற்று. ஊர் நினைந்து உருகும் பாட்டாக இருந்ததை அணிவகுப்பு நடையில் விளம்பரப்படுத்தி, 1912 அக்டோபரில் அச்சிட்டு வெளியிட்டார்.

அந்த இசைத்தாளில் ஆக்கியோர் என்று இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று ஜேக் ஜட்ஜ். மற்றொன்று ஹாரி வில்லியம்ஸ். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஓர் இரவில், பந்தயத்துக்காக, ஒரே ஆள் எழுதிய பாட்டு என்றால் இரண்டாவது பெயர் எங்கிருந்து வந்தது?

சக்கர நாற்காலியில் ஒரு மனிதர்

ஹாரி வில்லியம்ஸ் சிறுவயதில் நிலவறைப் படிக்கட்டில் விழுந்து கால்களை இழந்ததற்கு ஒப்பானவர். வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியே அவருக்குத் துணை. கால் முடங்கினாலும் கை முடங்கவில்லை. பியானோவும் மேண்டலினும் கற்றார். இசையை எழுதவும் படிக்கவும் தெரிந்தவர். அவருடைய குடும்பத்தார் மதுக்கடை நடத்தியவர்கள். அண்ணன் தம்பியரில் ஒருவர் ஓல்ட்பரியில் நடத்திய கடையில்தான் ஜட்ஜுடன் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது.

பழக்கம் நட்பாகி, நட்பு கூட்டாகியது. பால்சல் காமன் என்ற ஊருக்கு அருகே வில்லியம்ஸ் வசித்த 'பிளவ் இன்' விடுதியில் இருவரும் உட்கார்ந்து பாட்டுக் கட்டினார்கள். இருவர் பெயரிலும் 32 பாடல்கள் வெளியாயின.

இதில் ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். ஜட்ஜுக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. குரல் உண்டு, சொல் உண்டு, மேடைத் துணிச்சல் உண்டு. தாளில் இசையை இறக்கி வைக்கும் கல்வி வில்லியம்ஸிடம் இருந்தது. மேடையில் நின்று கைதட்டல் வாங்கும் வாய்ப்பு வில்லியம்ஸுக்கு இல்லை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது.

1924ஆம் ஆண்டில் வில்லியம்ஸ் காலமானார். அதுவரை இருவருக்கும் உரிமைத்தொகை போய்க்கொண்டிருந்தது. அவர் இறந்த பிறகு ஜட்ஜ் வேறு விதமாகப் பேசத் தொடங்கினார். பாட்டும் மெட்டும் முழுக்க முழுக்கத் தன்னுடையவை என்றார். வில்லியம்ஸ் தனக்குப் பண உதவி செய்தவர். பாட்டு ஏதாவது அச்சேறினால் உங்கள் பெயரையும் போட்டு வருமானத்தையும் பகிர்வேன் என்று வாக்களித்திருந்தேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன், அவ்வளவே என்றார். 1933ஆம் ஆண்டில் அளித்த பேட்டியில், ஸ்டேலிபிரிட்ஜில் உள்ள நியூமார்க்கெட் மதுக்கடையில்தான் பாட்டு எழுதப்பட்டது என்றும், வில்லியம்ஸ் உயிரோடிருந்த காலத்தில் தன்னுடைய பாட்டு என்று ஒருபோதும் உரிமை கோரவில்லை என்றும் குறிப்பிட்டார்.

கன்னிமாரா டிப்பரேரி ஆன கதை

வில்லியம்ஸ் குடும்பத்தார் இதை ஏற்கவில்லை. அவர்களிடம் ஒரு கையெழுத்துப் பிரதி இருந்தது. 1909ஆம் ஆண்டில் வில்லியம்ஸும் ஜட்ஜும் சேர்ந்து எழுதியது. தலைப்பு, "கன்னிமாராவுக்கு நெடுந்தூரம்"! மெட்டு அதுவே. சொற்களில் பெரும்பகுதி அதுவே. ஊர்ப் பெயர்தான் வேறு.

கன்னிமாரா என்றதும் தமிழர்களுக்குச் சென்னை நினைவு வரும். எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகத்தின் பெயரும் அதே அயர்லாந்துப் பகுதியின் பெயர்தான். சென்னை மாகாண ஆளுநராக 1886 முதல் 1890 வரை இருந்த கன்னிமாரா பிரபுவின் பட்டப்பெயர் வழியே அது கடல் கடந்து வந்தது.

கன்னிமாரா, டிப்பரேரி ஆகிய இரண்டு பெயர்களையும் ஆங்கில ஒலிப்பில் சொல்லிப் பார்த்தால் ஒன்று புரியும். இரண்டும் நான்கு அசை கொண்டவை. அழுத்தம் விழும் இடமும் ஒன்றே. ஒரு பெயரை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் மெட்டில் ஒரு சுரம்கூட அசையாது. மேடையில் நின்றபடியே மாற்றிப் பாடிவிடலாம்.

அப்படியானால் பந்தயக் கதை பொய்யா? பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மறுநாள் புதுப்பாட்டுப் பாடியாக வேண்டிய மனிதருக்கு, மூன்றாண்டுகளாக மேடையேறாமல் கிடந்த பழைய பாட்டு ஒன்று கை கொடுத்திருக்கலாம். கேட்டவர்களுக்கு அது புதுப்பாட்டே. பந்தயத்தில் வென்றது உண்மை. பாட்டு ஓர் இரவில் பிறந்தது என்பதுதான் ஐயத்துக்குரியது.

ஜட்ஜ் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வாயால் பாடியவர் ஒருவர், அதைக் கேட்டுத் தாளில் எழுதியவர் மற்றவர் என்றால், பாட்டு யாருடையது? எழுதியவர் வெறும் எழுத்தரா, அல்லது கூட்டாளியா? தமிழ்த் திரையுலகில் மெட்டு முந்தியா, பாட்டு முந்தியா என்று நடக்கும் விவாதத்தைப் போன்றதே இதுவும்.

ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. கடனுக்காக ஒரு பாட்டில் நண்பரின் பெயரைச் சேர்க்கலாம். 32 பாடல்களிலும் சேர்ப்பார்களா? எல்லாமே தன் பெருந்தன்மை என்றார் ஜட்ஜ். அந்தப் பெருந்தன்மையை, நண்பர் மறுமொழி சொல்ல முடியாத உலகத்துக்குப் போன பிறகு அல்லவா அவர் எண்ணிக் காட்டினார்!

2012ஆம் ஆண்டில், பாட்டு மேடையேறி நூறாண்டு நிறைந்த வேளையில், வில்லியம்ஸ் குடும்பத்தினர் மீண்டும் குரல் எழுப்பினர். தங்களிடம் இருந்த ஆவணங்களைப் போர் அருங்காட்சியகத்தோடு பகிர்ந்துகொண்டனர்.

அமெரிக்காவிலிருந்து மூன்றாவது குரல்

இருவர் போட்டி போதாதென்று கடலுக்கு அப்பாலிருந்து மூன்றாமவர் ஒருவரும் வந்தார். 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆலிஸ் ஸ்மித் பர்ட்டன் ஜே என்ற பெண்மணி, சேப்பல் இசைப் பதிப்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். வாஷிங்டன் மாநிலத்தின் ஆப்பிள் விளைச்சலைப் புகழ்ந்து 1908ஆம் ஆண்டில் தான் அமைத்த மெட்டைத்தான் திருடிவிட்டார்கள் என்பது அவரது குற்றச்சாட்டு. அந்தப் பாட்டு யாகிமா என்ற ஊரைப் பற்றியது. சியாட்டில் நகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில் அது இசைக்கப்பட்டதாம். நட்ட ஈடாக 100,000 டாலர் கேட்டார்.

நீதிமன்றம் புகழ்பெற்ற இசையமைப்பாளர் விக்டர் ஹெர்பர்ட்டின் கருத்தைக் கேட்டது. இரண்டு மெட்டுகளும் திருட்டு என்று சொல்லும் அளவுக்கு ஒத்திருக்கவில்லை என்றார் அவர். ஆங்கிலேயர் இருவரும் சியாட்டிலுக்குப் போனதும் இல்லை. 1920ஆம் ஆண்டில் வழக்கு தள்ளுபடியானது.

வெற்றிக்குப் பல தகப்பன்மார் என்பது இதைத்தான். பந்தயப் பணமாக ஐந்து ஷில்லிங் ஈட்டியபோது தேடி வராத உறவெல்லாம், உலகமே பாடத் தொடங்கியதும் தேடி வந்தது.

பாட்டு போருக்குப் போனது

1913ஆம் ஆண்டில் மியூசிக் ஹால் மேடைகளின் நட்சத்திரம் ஃபுளோரி ஃபோர்ட் இதைப் பாடினார். ஆனால் பாட்டின் தலையெழுத்தை மாற்றியது மேடை அல்ல, ஒரு தெரு.

1914 ஆகஸ்ட் 13. போர் அறிவித்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பிரான்ஸ் நாட்டுத் துறைமுகமான புலோனில் பிரிட்டிஷ் படைகள் வந்திறங்கின. கனாட் ரேஞ்சர்ஸ் என்ற அயர்லாந்துப் படைப்பிரிவு தெருவில் அணிவகுத்துச் சென்றபோது வீரர்கள் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். 'டெய்லி மெயில்' நாளிதழின் செய்தியாளர் ஜார்ஜ் கர்னோக் அதைக் கேட்டார். ஆகஸ்ட் 18ஆம் நாள் அவரது செய்தி வெளியானது. பிறகு மற்றப் படைப்பிரிவுகளும் பாடத் தொடங்கின.

அதே ஆண்டில்தான் எம்டன் கப்பல் செப்டம்பரில் சென்னை மீதும், அக்டோபரில் பினாங்குத் துறைமுகத்திலும் குண்டு வீசி, நம் வட்டாரத்தையே நடுங்க வைத்தது. நவம்பரில் அயர்லாந்துப் பாடகர் ஜான் மெக்கார்மக் இந்தப் பாட்டை இசைத்தட்டில் பதிவு செய்தார். சில மாதங்களுக்குள் ஆங்கிலம் தெரிந்த உலகம் முழுவதும் அது பரவிவிட்டது.

ஏன் நிலைத்தது?

போர்ப் பாட்டுகள் எத்தனையோ எழுதப்பட்டன. மன்னருக்காகப் போர் செய் என்றன சில. எதிரியை அழி என்றன சில. படையில் சேராதவனைக் கோழை என்றன சில. இன்று அவற்றை நினைவு வைத்திருப்பவர் அரிது. டிப்பரேரி மட்டும் பிழைத்ததற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, அதன் நடை. இடது வலது என்று கால் மாற்றி நடப்பவனுக்குப் பல்லவியே தாளம் கொடுக்கிறது. பெரிய குரல் வளம் தேவையில்லை. மூச்சு வாங்க நடப்பவனும் பாடலாம்.

இரண்டாவது, அதில் இல்லாதவை. அந்தப் பாட்டில் எதிரி இல்லை, மன்னர் இல்லை, கொடி இல்லை, வெற்றி முழக்கம் இல்லை. பகைவனும் பாடக்கூடிய போர்ப் பாட்டு அது. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த 'தாஸ் போட்' என்ற ஜெர்மானியத் திரைப்படத்தில், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் பாடுவது இந்த எதிரி நாட்டுப் பாட்டைத்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சோவியத் செம்படையின் அலெக்சாண்ட்ரோவ் குழுவினரும் இதைப் பாடினார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. டிப்பரேரி என்பது ஓர் ஊரின் பெயராக மட்டும் நிற்கவில்லை. பாடியவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்கள். லங்காஷயர் ஆலைத் தொழிலாளிக்கு அது அவனுடைய தெரு. ஸ்காட்லாந்து விவசாயிக்கு அது அவனுடைய வயல். திரும்பிப் போவோமா என்று தெரியாத ஒவ்வொருவனுக்கும் அவன் வீட்டின் பெயர் டிப்பரேரி. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போன எந்த இனத்தாருக்கும் இந்த ஏக்கத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாடியவர்களுக்கு நேர்ந்தது

பாட்டை உலகறியச் செய்த கனாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவின் முடிவு பலருக்குத் தெரியாது. கனாட் என்பது அயர்லாந்தின் மேற்கு மாநிலம். கையெழுத்துப் பிரதியில் இருந்த அந்தக் கன்னிமாரா அதே மாநிலத்தில்தான் உள்ளது. ஆக, அந்த வீரர்கள் வேற்றூர்ப் பெயரைச் சொல்லித் தங்கள் ஊரைத்தான் பாடிப் போனார்கள்.

போர் முடிந்தது. அயர்லாந்தில் விடுதலைப் போராட்டம் மூண்டது. 1919 ஜனவரியில் அதன் முதல் வேட்டுகள் வெடித்த சோலஹெட்பெக், டிப்பரேரி மாவட்டத்தில் இருப்பது. 1920 ஜூனில், இந்தியாவின் ஜலந்தரில் முகாமிட்டிருந்த கனாட் ரேஞ்சர்ஸ் வீரர்கள், தங்கள் தாயகத்தில் பிரிட்டிஷ் படைகள் நடத்தும் கொடுமைகளைக் கண்டித்து ஆயுதத்தைக் கீழே வைத்தனர். சோலனில் இருந்த பிரிவுக்கும் கலகம் பரவியது. ஜேம்ஸ் டேலி என்ற இளம் வீரர் அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் இந்திய மண்ணில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1922ஆம் ஆண்டில் அந்தப் படைப்பிரிவே கலைக்கப்பட்டது. பேரரசுக்காகப் பாடிச் சென்ற பிரிவுக்கு, தன் ஊர் உண்மையிலேயே எவ்வளவு தூரம் என்பது பஞ்சாபில்தான் தெரிந்தது.

யாருக்கு நன்றி?

இன்று ஸ்டேலிபிரிட்ஜ் நகரில் ஜேக் ஜட்ஜுக்குச் சிலை இருக்கிறது. ஹாரி வில்லியம்ஸ் வாழ்ந்த 'பிளவ் இன்' விடுதி பின்னர் 'டிப்பரேரி இன்' என்று பெயர் மாற்றம் பெற்றது. ஒருவருக்கு உருவம் நின்றது. மற்றவருக்குப் பாட்டின் பெயர் நின்றது.

தீர்ப்பு எழுத இருவரும் இல்லை. வில்லியம்ஸ் 1924இல் போனார். ஜட்ஜ் 1938இல் போனார். ஆனால் கையில் இருப்பவை எல்லாம் ஒரே பக்கம்தான் சாய்கின்றன. 1909ஆம் ஆண்டின் பிரதி, 1912ஆம் ஆண்டின் அச்சு, 32 பாடல்களின் கூட்டு ஆகிய மூன்றும், குரல் ஒருவருடையது என்றாலும் பாட்டு இருவருடையது என்றே சொல்கின்றன. ஜட்ஜின் துணிச்சல் இல்லாவிட்டால் அது தாளிலேயே கிடந்து மக்கியிருக்கும். வில்லியம்ஸின் கல்வி இல்லாவிட்டால் தாளில் ஏறியே இருக்காது.

ஒரு பாட்டு எப்படிப் பிறந்தால் என்ன, இனிமையாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். கேட்பவர்களுக்குப் போதும். ஆனால் நாற்காலியை விட்டு எழ முடியாத ஒரு மனிதரின் மெட்டு, எத்தனையோ ஆயிரம் பேரை எழுந்து நடக்க வைத்தது. அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதற்கு யாருக்கும் ஐந்து ஷில்லிங்கூடச் செலவாகாது.